எல்டன் ஊர் வாக்குப் பை

சனிக்கிழமை, காலை 9.05.

"பையைக் காணோம், டெல்ஃபின். நானும் நாலு தடவை பாத்துட்டேன். இங்கதான் இருந்துச்சு. இப்ப இல்லை."

ஊர் எழுத்தர் ஐடெல்லா மார்ஷின் கையில் இன்னும் சோப்பு நுரை காயவில்லை. துணை ஷெரிஃப் டெல்ஃபின் ரோயர் அவளைத் தாண்டிப் பாதுகாப்பு அறைக்குள் எட்டிப் பார்த்தாள். இரும்புக் கதவு, இரும்பு அலமாரி, நடுத்தட்டில் தூசி படியாத ஒரு சதுரம். அவ்வளவுதான். பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

காணாமல் போனது காசோ நகையோ அல்ல, ஒரு நீலப் பை. எல்டன் ஊர்க்காரர்கள் பதினோரு நாளைக்கு முன் போட்ட நானூற்றுப் பன்னிரண்டு வாக்குச்சீட்டுகளும் அதற்குள் இருந்தன. வெர்மான்ட் மாநிலம் முழுமைக்கும் அமெரிக்கக் காங்கிரஸ் கீழ்ச்சபையில் இருப்பது ஒரே ஓர் இடம். அந்த ஒற்றை நாற்காலிக்கு லூமிஸ் என்பவரும் பீச்சம் என்ற அம்மாளும் மோதி, கடைசியில் லூமிஸ் எழுபத்தோரு வாக்கில் ஜெயித்ததாக அறிவிப்பு வந்தது. எழுபத்தோரு பேரை இரண்டு பள்ளிக்கூடப் பேருந்தில் ஏற்றிவிடலாம். பீச்சம் மறு எண்ணிக்கை கேட்டாள், நீதிமன்றமும் சரி என்றது. திங்கட்கிழமை பையை எடுத்துப் போக ஆள் வர இருந்தது.

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"ஆறரைக்கு. காலைச் சாப்பாட்டுக் காசை உள்ள வெச்சுப் பூட்டினேன். அப்ப பை இருந்துச்சு. காசு இப்பவும் இருக்கு பாரு, தொடவே இல்லை."

மான் வேட்டை தொடங்கும் நாள் அது. விடியுமுன்பே ஊர் மன்றத்தில் வேட்டைக்காரர்களுக்குப் பான்கேக்கும் பன்றி இறைச்சியும் போட்டு, வசூலாகிற காசைத் தீயணைப்புப் படைக்குக் கொடுப்பார்கள். ஆறு மணிக்கெல்லாம் ஆண்கள் எல்லோரும் காட்டுக்குள் போய்விடுவார்கள். பெண்களிலும் துப்பாக்கி பிடிக்கிறவர்கள் போய்விடுவார்கள். மிச்சமிருப்பது பாத்திரங்களும், பாத்திரம் கழுவுகிற நாலு பேரும்தான்.

"சாவி?"

"என் கோட்டுப் பையில. கோட்டு நடையில மாட்டியிருந்துச்சு."

"வாசல் கதவுக்குப் பக்கத்துலயா?"

"முப்பது வருஷமா அங்கதாம்மா மாட்டுறேன். நம்ம ஊருல யாரு எடுப்பா?"

டெல்ஃபினுக்கு எரிச்சலாக வந்தது. இந்த ஊரில் யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை, காரிலிருந்து சாவியை உருவுவதில்லை. கேட்டால் அதைப் பெருமையாக வேறு சொல்வார்கள். பாத்திரம் கழுவிய மற்ற மூன்று பெண்களும் ஒரே மாதிரி சொன்னார்கள். அடுக்களையை விட்டு யாரும் நகரவில்லை. துண்டு எடுக்க இரண்டு தடவை நடைப்பக்கம் போனது ஐடெல்லா மட்டும்தான்.

காலை 10.15.

சுட்ட மானை எடை போடுவது ராஸ்கோ பெல்கியின் கடை வாசலில். ஊரே அங்கே நின்றது. வரிசையாகத் தொங்கிய மான்களில் பெரியது, எட்டுக் கிளைக் கொம்போடு, ஓரின் தாக்ஸ்டருடையது. ஓரின்தான் இருபத்தாறு வருஷமாக ஊர்க் கூட்டத்தை நடத்துகிற தலைவர். தேர்தல் அன்று வாக்கு எண்ணிக்கைக்கும் அவர்தான் பொறுப்பு. அவருடைய வண்டியின் பின்னால் பீச்சம் படம் இன்னும் ஒட்டியிருந்தது.

"இவரைப் பாரு டெல்ஃபின். எட்டு இருபதுக்கெல்லாம் மானோட வந்து நிக்கிறாரு. மத்தவனெல்லாம் அப்பதான் குளிர்ல மூக்கைத் தொடச்சுக்கிட்டு உக்காந்திருந்தான்" என்றான் ராஸ்கோ.

"எங்க சுட்டீங்க, ஓரின்?"

"மேல, பீவர் முகட்டுல. விடிஞ்சும் விடியாம நேரா எதிர்ல வந்து நின்னுச்சு. இழுத்துட்டு எறங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு."

"அவ்வளவு தூரம் இழுத்தும் முடிகூடக் கலையல பாரு" என்றான் ராஸ்கோ, மானின் விலாவைத் தடவிக்கொடுத்து. "சீவி, பவுடர் போட்டுக் கூட்டிட்டு வந்திருக்காரு. தொங்கவிடுறதுக்குள்ள எங்க ரெண்டு பேருக்கும் நாக்குத் தள்ளிப்போச்சு. காலு ரெண்டும் கட்டில் கால் மாதிரி. மடக்குவேனாங்குது!"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள். ஓரின் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

பேச்சு பை பக்கம் திரும்பியது. "எனக்கு முதல்லயே சந்தேகம். நம்ம ஊரு என்னைக்காவது லூமிஸ் கட்சிக்குப் போட்டிருக்கா? இந்தத் தடவை நம்ம ஊருலயே அவனுக்கு எழுபது வாக்கு அதிகமாம்! யாரு போட்டா? நான் போடல, நீ போட்டியா?" என்று ஒரு பீச்சம் ஆள் கத்தினான்.

"எண்ணினது எண்ணினதுதான். விடுப்பா" என்றார் ஓரின்.

அந்த நேரம் பார்த்துக் கில்ஃபெதர் ஆரஞ்சுத் தொப்பியோடு ஓடிவந்தார். கனெக்டிகட்டிலிருந்து வந்து குடியேறி நாலு வருஷமாகிறது. இங்கே வெளியூர்க்காரனைச் 'சமவெளிக்காரன்' என்பார்கள். நாற்பது வருஷம் ஆனாலும் அந்தப் பெயர் போகாது. அவர் லூமிஸுக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர். காலையில் மன்றத்துப் பக்கம் அவரைப் பார்த்ததாக ரெண்டு பேர் சொல்லியிருந்தார்கள். எல்லோர் கண்ணும் அவர்மேல் போயிற்று.

"காலையில மன்றத்துகிட்ட என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டாள் டெல்ஃபின்.

"ஓடினேன். தினமும் ஓடுறதுதானே? ஏழே முக்கால் இருக்கும்."

"யாரையாவது பாத்தீங்களா?"

"ஒரு ஈ காக்கா இல்லை. மன்றத்துக்குக் கீழ, ஓரினோட பாகுக் கொட்டகையில மட்டும் புகை வந்துச்சு. மேப்பிள் பாகு காய்ச்சுறாங்க போல, திரும்பி வரும்போது ஒரு புட்டி வாங்கலாம்னு நினைச்சேன்."

கடை வாசலே அதிர்ந்தது. "நவம்பர்ல பாகு காய்ச்சுறாங்களாம்டா!" என்று ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "மார்ச் மாசம்தான் மரத்துல சாறே இறங்கும் சாமி! அடுத்தது கோழி பால் கறக்குதாம்னு சொல்லுவாரு!" கில்ஃபெதர் காது மடல் சிவக்க நின்றார். டெல்ஃபினும் சிரித்தாள். அவளும் இந்த ஊரில் பிறந்தவள்தானே?

கில்ஃபெதரின் மனைவி அவர் எட்டு மணிக்குக் குளித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். நாலு வீடுகளில் அவர் ஓடுவதைப் பார்த்திருந்தார்கள். கையில் பை இல்லை.

மதியம் ஷெரிஃப் தொலைபேசியில் கத்தினார். "இன்னும் என்னம்மா யோசனை? சாவி அவகிட்ட. நடைக்குப் போனது அவ. அவ அக்கா பையன் லூமிஸுக்கு வண்டி ஓட்டுறான். மறுபடி எண்ணினா லூமிஸ் தோத்துருவான்னு பயந்துட்டா. தலைநகர்லேர்ந்து நிமிஷத்துக்கு ஒருத்தன் கூப்பிடுறான். கூட்டிட்டு வா."

டெல்ஃபின் கூட்டிப்போனாள். மன்றத்து வாசலில், மூன்று தலைமுறைக்குப் பிறப்பும் இறப்பும் பதிந்து கொடுத்தவளின் கையில் விலங்கு மாட்டினாள். யாரும் தடுக்கவில்லை. சிலர் கைப்பேசியில் படம்கூட எடுத்தார்கள்.

"மாட்டும்மா. உன் வேலை அது. ஆனா நான் எடுக்கலை" என்றாள் ஐடெல்லா.

மாவட்டக் காவலறையில் மூன்று மணி நேரம் கேட்டும் அந்த ஒரே பதில்தான். கடைசியில் டெல்ஃபின் வேறு பக்கமாகப் போனாள்.

"எண்ணிக்கை அன்னைக்கு ஏதாவது தகராறு?"

"தகராறெல்லாம் இல்லை. ஐம்பது ஐம்பதா கட்டி, லூமிஸ் வலது பக்கம், பீச்சம் இடது பக்கம் அடுக்குவோம். முடிஞ்சதும் மேசை மாத்தி இன்னொரு தடவை எண்ணணும். எல்லாருக்கும் தூக்கம். ஓரின், 'நான் எண்ணினதை எவன்டா திரும்ப எண்றது?'ன்னாரு. நான் மட்டும், எண்ணிடலாமேன்னேன். எல்லார் முன்னாடியும் ஒரு முறை முறைச்சாரு பாரு! அத்தோட வாயை மூடிக்கிட்டேன்."

திங்கட்கிழமை ஜாமீன் கிடைத்தது. பணம் கட்டிக் கூட்டிப்போனவர் ஓரின் தாக்ஸ்டர். இப்படியும் ஒரு மனுஷரா என்று ஊரே மெச்சியது. ஐடெல்லாவின் வீட்டுப் பக்கம் மட்டும் யாரும் போகவில்லை. தபால் பெட்டியில் 'திருடி' என்று யாரோ சாயத்தில் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்து, புதன்கிழமை ஒரேயடியாக நீக்கக் கூட்டம் போடுவதாக அறிவிப்பு ஒட்டினார்கள்.

செவ்வாய், காலை.

வேலைக்குப் போகுமுன் டெல்ஃபின் தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டில் ஒரு மானைச் சுட்டாள். வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்து, பனியில் இழுத்துக்கொண்டு வந்தாள். வண்டியில் இடம் போதவில்லை. நாலு காலையும் மடக்கி, துணி மூட்டை மாதிரி உள்ளே திணித்தாள். கதவைச் சாத்தப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மறுபடி கதவைத் திறந்தாள். மானின் பின்னங்காலைப் பிடித்து நீட்டினாள், மடக்கினாள். சுளுவாக மடங்கியது. சுட்டு ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. இழுத்து வந்த பக்கத்து விலாவில் முடி தேய்ந்து, சருகும் பனியும் அப்பிக் கிடந்தன.

"அட பாவி மனுஷா" என்றாள் டெல்ஃபின், சத்தமாகவே.

நேரே கடைக்குப் போனாள். ராஸ்கோ தனியாளாக அந்த மானைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினான்.

"சுளுவா இருக்கா, ராஸ்கோ?"

"இதென்ன, பூ மாதிரி."

"ஓரினோட மான் ஏன் கட்டில் கால் மாதிரி இருந்துச்சு?"

ராஸ்கோவின் முகத்தில் ஈயாடவில்லை. துணியை எடுத்துத் துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"கேக்குறேன்ல?"

"அது... முந்தின நாளே சுட்டதும்மா. கண்ணுகூடப் பச்சையாப் போயிருந்துச்சு. பாத்த எல்லாருக்கும் தெரியும். அதுக்குத்தான் சிரிச்சோம். தொடக்க நாளுக்கு முன்னாடி சுட்டா குத்தம்தான். ஆனா ஒரு மானுக்காகப் பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டிக் குடுக்கிறவன் இந்த ஊருல குடியிருக்க முடியுமா? நீயே சொல்லு."

"அவரு சனிக்கிழமை விடியக்காலையில முகட்டுலேயே இல்லைன்னு உனக்குத் தெரியும்."

"அதை நான் யோசிக்கலை."

"ஐடெல்லா கையில விலங்கு மாட்டும்போது பக்கத்துலதானே நின்னே? அப்பவும் யோசிக்கலையா?"

டெல்ஃபினுக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. அறைந்தால் அதே கையால் தன்னையும் ஒரு அறை அறைந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதால் வெளியே வந்துவிட்டாள். வண்டியில் உட்கார்ந்த பிறகுதான் இன்னொரு சிரிப்பு நினைவுக்கு வந்தது. சமவெளிக்காரன் பாகு விஷயத்தில் முட்டாளாக இருக்கலாம். கண்ணுமா அவிந்துபோகும்? அவன் பார்த்தது புகை. நவம்பர் மாதத்தில், பாகுக் கொட்டகையில், ஏன் புகை?

மதியத்துக்குள் நீதிபதியிடம் சோதனை உத்தரவு வாங்கினாள்.

புதன், மாலை 4.00.

மன்றம் நிரம்பி வழிந்தது. மேடையில் ஓரின் தாக்ஸ்டர் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் ஐடெல்லா, இரண்டு பக்கமும் காலி நாற்காலிகள். டெல்ஃபின் நடுவழியே நடந்துபோய் மேசைமேல் ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தாள். உள்ளே கருகிப்போன நாலு பித்தளை வளையங்கள்.

"தலைவர் அனுமதிச்சா ரெண்டு வார்த்தை பேசணும்."

"இது ஊர்க் கூட்டம், டெல்ஃபின். உன் வழக்கை நீதிமன்றத்துல பேசு."

"பேசத்தான் போறேன். இது என்னன்னு மட்டும் சொல்லுங்க."

ஐடெல்லா எழுந்து வந்து பார்த்தாள். "பை வாயில இருக்கிற வளையம் இது. கயிறு கோக்கிறது" என்றாள்.

"ஓரினோட பாகுக் கொட்டகை அடுப்புச் சாம்பல்ல கிடைச்சுது" என்றாள் டெல்ஃபின். "சனிக்கிழமை ஏழு மணிக்கு மேல இவரு வாசக்கதவு வழியா நடைக்கு வந்தாரு. கோட்டுலேர்ந்து சாவியை எடுத்தாரு, பையை எடுத்தாரு, சாவியைத் திரும்ப வெச்சாரு. கீழ கொட்டகைக்குப் போய் அடுப்பு மூட்டினாரு. அந்தப் புகையைத்தான் கில்ஃபெதர் பாத்தாரு. நாம எல்லாரும் அவரைப் பாத்துச் சிரிச்சோம். முகட்டுல இருந்தேன்னு சொல்றதுக்கு ஒரு சாட்சி வேணும்ல? வெள்ளிக்கிழமையே ஒரு மானைச் சுட்டு வண்டியில படுதா போட்டு மூடி வெச்சிருந்தாரு. எட்டு இருபதுக்கு ராஸ்கோ கடை வாசல்ல கொண்டாந்து தொங்கவிட்டாரு. இந்த ஊருல மானோட வந்தவனை யாரும் கேள்வி கேக்க மாட்டோம்னு அவருக்குத் தெரியும். விறைச்ச மானா இருந்தா இன்னும் நல்லது. எல்லாரும் கண்டும் காணாத மாதிரி இருந்துருவோம்."

பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். "என்ன டெல்ஃபின் உளறுற? ஓரின் பீச்சம் ஆளு! மறு எண்ணிக்கை வேணும்னு எங்களோட கையெழுத்துப் போட்டவரு. பையை அவரு ஏன் எரிக்கணும்?"

"அதுதான் எனக்கும் கடைசி வரைக்கும் புரியலை. நம்ம ஊரு லூமிஸுக்குப் போட்டதை நம்ப முடியலைன்னு எல்லா பீச்சம் ஆளும் புலம்பினீங்க. புலம்பாத ஒரே ஆளு இவரு. எண்ணிக்கை அன்னைக்கு ரெண்டாம் தடவை எண்ண விடாதவரும் இவரு." டெல்ஃபின் மேடைப் பக்கம் திரும்பினாள். "ஒரு கட்டு பக்கம் மாறிப்போச்சு. இல்லையா, ஓரின்?"

ஓரின் சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்தார்.

"மறுநாள் காலையில காபி குடிக்கும்போதுதான் தோணிச்சு" என்றார். "ஒரு கட்டு பீச்சம் சீட்டு. ஐம்பது. யாரோ கூப்பிட்டாங்கன்னு திரும்பினேன். வலது பக்கம் வெச்சுட்டேன்."

கூட்டத்தில் ஒருத்தி வாய்விட்டுக் கணக்குப் போட்டாள். "லூமிஸுக்கு ஐம்பது குறையும், பீச்சமுக்கு ஐம்பது கூடும். நூறு. ஐயோ! எழுபத்தொண்ணுலதானே லூமிஸ் ஜெயிச்சான்! அப்ப பீச்சம்தானே ஜெயிச்சது? மாநிலம் முழுக்கவும்!"

"யோவ், அது உன் ஆளுய்யா!" என்று கத்தினான் பின்வரிசைக்காரன். "அந்தம்மாவுக்காக மழையில ஒண்ணா நின்னோமேய்யா! தப்பா வெச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதுமே!"

"இருபத்தாறு வருஷம்" என்றார் ஓரின். "ஒரு தடவை ஒரு சீட்டு தப்பினது கிடையாது. தாக்ஸ்டர் எண்ணினா மறுபேச்சு இல்லைன்னு பக்கத்து ஊர்லயும் சொல்லுவாங்க. அதைப் போய்... எல்லார் முன்னாடியும்..."

ஐடெல்லா இன்னும் மேசைப் பக்கமே நின்றிருந்தாள். "என்னை ஏன் ஜாமீன்ல எடுத்தே?"

"உன்னை அந்தக் கம்பிக்குள்ள பாக்க மனசு வரலை, ஐடெல்லா."

"உண்மையைச் சொல்லவும் மனசு வரலை. என்னை வண்டியில கூட்டிட்டு வரும்போது, நான் உன்னை நம்புறேன்னு சொன்னியே. எப்படிய்யா சொன்னே?"

டெல்ஃபின் அவருக்கு விலங்கு மாட்டினாள். இந்தத் தடவை யாரும் படம் எடுக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லவே வாய் கசக்கிறது. பீச்சம் தரப்பு நீதிமன்றம் போயிற்று. எரிந்துபோன சீட்டுகளுக்குப் பதிலாக ஒரு குற்றவாளியின் ஞாபகத்தை எண்ண முடியாது, கையெழுத்திட்டு அறிவித்த எண்ணிக்கைதான் எண்ணிக்கை என்று நீதிபதி சொல்லிவிட்டார். அதுவும் நியாயம்தான். யார் வேண்டுமானாலும் நாளைக்கு வந்து, கட்டு மாறிவிட்டது என்று சொல்லலாமே? எல்டன் ஊர் முழுவதற்கும் உண்மை தெரியும், லூமிஸுக்கும் தெரியும். ஜனவரியில் அவர் வாஷிங்டன் போய்க் கையைத் தூக்கிப் பதவி ஏற்றுக்கொண்டார்.

டிசம்பரிலேயே ஊர் இன்னொரு கூட்டம் போட்டது. ஐடெல்லா மார்ஷை மறுபடி ஊர் எழுத்தராக அமர்த்தித் தீர்மானம். முன்மொழிந்தவன் ராஸ்கோ பெல்கி. எல்லோரும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள். எழுந்து நின்று கை தட்டினார்கள், சிலர் அழவும் செய்தார்கள். இத்தனை வருஷத்தில் அவள் வீட்டுப் பாதையில் பனி தள்ளாதவர்கள்கூட அந்த வாரம் போட்டி போட்டுத் தள்ளியிருந்தார்கள். டெல்ஃபின் மட்டும் கதவோரமாக, கை தட்டாமல் நின்றாள். தட்ட அவளுக்கு என்ன யோக்கியதை?

ஐடெல்லா மேடைக்குப் போனாள். கூட்டக் குறிப்பு எழுதுவது எழுத்தரின் வேலை. தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள்.

"எழுதிக்கிறேன்" என்றாள், எழுதிக்கொண்டே வாசித்தாள். "ஐடெல்லா மார்ஷ் எழுத்தராக அமர்த்தப்பட்டார். எதிர்ப்பு இல்லை. ஐடெல்லா மார்ஷ் பதவி விலகினார். விலகல் இந்த நிமிடம் முதல்."

கைதட்டல் நின்றது.

"ஏன் ஐடெல்லா?" என்றான் ராஸ்கோ. "அதான் எல்லாம் சரியாயிடுச்சே! திருடினவன் மாட்டிக்கிட்டான்ல?"

"அவன் ஒருத்தன் எடுத்தான். அதுக்கு அவன் ஜெயிலுக்குப் போறான். நீங்க எல்லாரும் எங்க போகப் போறீங்க?"

அவள் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி, கோட்டை மாட்டிக்கொண்டாள். சாவிக்கொத்தை எடுத்துக் குறிப்பேட்டின் மேல் வைத்தாள். டெல்ஃபின் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டாள். ஐடெல்லா அவளைப் பார்க்காமலே கடந்து போனாள்.

உள்ளே நூற்றைம்பது பேர் அந்தச் சாவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எடுக்க ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.